இரவல் காற்றும் லாரி பிரேக்கும்



பயிருக்கு உரம், பூச்சிக்கு மருந்து என்று பேச வேண்டியவர் இன்றைக்கு லாரி பிரேக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே, என்னங்க இது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் விளைந்த பொருள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் நம்ம வேளாண்மை முடிந்ததாகக் கணக்கில்லை. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கரும்பு சேத்தியாத்தோப்பு ஆலைக்குப் போக வேண்டும். நெல், கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் லாரி வேண்டும். அந்த லாரி போகிற சாலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வீராணம் ஏரிக்கரையில் ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பள்ளம். நடுவிலே ஆடு, மாடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்.

கரும்பு வெட்டுகிற காலத்தில் அடிக்கடி நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். ராத்திரி பாரம் ஏற்றி வயலோரத்தில் லாரியை நிறுத்துகிறார்கள். காலையில் பார்த்தால் எஞ்சின் கிளம்பவில்லை. அல்லது கிளம்பினாலும் பிரேக்குக்குக் காற்று ஏறவில்லை. பின்சக்கரங்கள் பூட்டுப் போட்ட மாதிரி அசையாமல் நிற்கின்றன. டிராக்டரைக் கட்டி இழுத்தாலும் சக்கரம் உருளாமல் தேய்த்துக்கொண்டுதான் வருகிறது. உடனே யாராவது ஒருவர் பஞ்சர் கடைக் கம்ப்ரசரைக் கொண்டு வருகிறார். இல்லாவிட்டால் பக்கத்தில் இன்னொரு லாரியை நிறுத்தி, அதன் டேங்கிலிருந்து ஓஸ் பைப் மூலமாகக் காற்றைக் கொடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் சக்கரம் விட்டுக்கொடுக்கிறது. லாரி நகருகிறது.

இப்படி வெளியிலிருந்து ஏற்றுகிற காற்றுக்கு நாம் "இரவல் காற்று" என்று பெயர் வைத்துக்கொள்வோம். லாரி பிரேக்கில் கசிவு எங்கே இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க இது அருமையான உபாயம். அதே காற்றை நம்பிச் சாலைக்குப் போனால் அது எமன். ஏன் அப்படி? இதைப் புரிந்துகொள்ள நூற்றைம்பது வருஷத்துக் கதை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதையில் விவசாயிகளும் வருகிறார்கள். கேளுங்கள்.

கதிரடிக்கும் பட்டறையில் பிறந்த பிள்ளை

ரயில் வந்த புதிதில் அதை ஓட்டுவது சுலபமாக இருந்தது. நிறுத்துவதுதான் கஷ்டம். எஞ்சினுக்கு ஒரு பிரேக் உண்டு. மற்றப் பெட்டிகளுக்கு ஆள்தான் பிரேக். எஞ்சின் டிரைவர் ஊதல் கொடுத்ததும், பிரேக் ஆட்கள் பெட்டிக்குப் பெட்டி ஓடி, கைச்சக்கரத்தைச் சுற்றி இறுக்க வேண்டும். அமெரிக்காவில் சரக்கு வண்டிகளில் கூரை மேலேயே ஓடுவார்கள். மழையானாலும் பனியானாலும் ஓட வேண்டும். விழுந்து செத்தவர்கள் ஏராளம்.

1866-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற இளைஞர் இரண்டு சரக்கு வண்டிகள் நேருக்கு நேர் மோதிக் கிடந்ததைப் பார்த்தார். சமதரை, நேர்ப்பாதை. இரண்டு டிரைவர்களும் எதிர் வண்டியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்கள். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இந்த இளைஞரின் தகப்பனார் என்ன தொழில் செய்தவர் தெரியுமா? கதிரடிக்கும் இயந்திரம் போன்ற விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தவர். பிள்ளை வளர்ந்தது அந்தப் பட்டறையில்தான்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே சமயத்தில் பிரேக் போடுவது எப்படி என்று அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். நீராவியைக் குழாயில் அனுப்பலாமா என்று பார்த்தார். தூரம் போனால் ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். அப்போது ஒரு பத்திரிகையில், பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து மான்ட் செனிஸ் சுரங்கம் போடுவதைப் பற்றிப் படித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அங்கே பாறையைத் துளைக்கும் கருவிகளுக்கு, அழுத்திய காற்றைக் குழாய் வழியாக வெகுதூரம் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காற்று குளிர்ந்தாலும் காற்றுதான். மலைக்குள்ளே போகிற காற்று, பெட்டிகளுக்குக் கீழே போகாதா? அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

அழுத்திய காற்று நமக்குப் புதிது இல்லை. மருந்தடிக்கும் ஹேண்ட் ஸ்பிரேயரில் நாலு தடவை பம்ப் அடித்தால் உள்ளே காற்று நெருங்குகிறது. குழாயைத் திறந்ததும் அந்த நெருக்கம் மருந்தைத் தள்ளுகிறது. அதே தத்துவம்தான். எஞ்சினில் ஒரு பம்ப், ஒரு காற்று டேங்க். அங்கிருந்து எல்லாப் பெட்டிக்கும் ஒரு குழாய். டிரைவர் வால்வைத் திறந்தால் காற்று ஓடிப் போய் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் கட்டையை அழுத்தும்.

1869-ம் ஆண்டு இதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது அவருக்கு 22 வயது. முதல் சோதனை ஓட்டத்திலேயே தண்டவாளத்தின் குறுக்கே ஒரு குதிரை வண்டி மாட்டிக்கொண்டதாம். டிரைவர் புதுப் பிரேக்கைப் போட்டார். வண்டிக்குச் சில அடி முன்னால் ரயில் நின்றுவிட்டது. காற்று பிரேக்கின் முதல் சாட்சி ஒரு வண்டிக்காரர் என்று இந்தக் கதையை இன்றைக்கும் சொல்வார்கள்.

எலிக்கிட்டித் தத்துவம்

ஆனால் அந்த முதல் பிரேக்கில் ஒரு பெரிய குறை இருந்தது. காற்று வந்தால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் உடைந்தால்? காற்று வராது, பிரேக்கும் இல்லை. பெட்டிகள் நடுவிலே அறுந்துகொண்டால்? பின்னால் அறுந்து ஓடுகிற பெட்டிகளுக்குப் பிரேக்கே கிடையாது. அதாவது, ஆபத்து வருகிற நேரம் பார்த்துக் கைவிட்டுவிடும்.

வெஸ்டிங்ஹவுஸ் இதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஒரு சிறிய காற்று டேங்க் வைத்தார். குழாயில் எப்போதும் காற்று நிறைந்திருக்க வேண்டும். அது நிறைந்திருக்கும் வரை பிரேக் விலகியிருக்கும். குழாயில் காற்று குறைந்தால், பெட்டியிலுள்ள டேங்க் தன் காற்றைக் கொடுத்துப் பிரேக்கை அழுத்தும். டிரைவர் வேண்டுமென்று குறைத்தாலும் சரி, குழாய் வெடித்துத் தானாகக் குறைந்தாலும் சரி, பிரேக் பிடித்துக்கொள்ளும். 1872-ம் ஆண்டில் இந்தத் தானியங்கிப் பிரேக் வந்தது.

நெல் வயலில் நாம் வைக்கிற எலிக்கிட்டியை நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூர்க் கிட்டி என்பார்களே, அதுதான். மூங்கிலை வளைத்துக் கயிற்றால் பிடித்து வைக்கிறோம். கயிறு பிடித்திருக்கும் வரை கிட்டி சும்மா இருக்கும். கயிறு விட்டதும் மூங்கில் அடித்துவிடும். தானியங்கிப் பிரேக்கில் காற்றுதான் கயிறு. இந்தக் கிட்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் லாரிக்கு வரும்போது மறுபடியும் தேவைப்படும்.

அவசரம் வாங்கிய உயிர்கள்

நல்ல உபாயம் ஒன்று வந்துவிட்டது என்பதற்காக உலகம் உடனே ஏற்றுக்கொள்கிறதா? ஒட்டுரகம், வீரிய ரகம் என்று எதைச் சொன்னாலும் "பக்கத்து வயல்காரர் போடட்டும், பிறகு பார்க்கலாம்" என்று நாமும் சொல்கிறவர்கள்தானே. ரயில் கம்பெனிகளும் செலவைக் கணக்குப் பார்த்தன. பழைய மாதிரிப் பிரேக்கே போதும் என்று பல கம்பெனிகள் இருந்துவிட்டன.

1889-ம் ஆண்டு ஜூன் 12-ம் தேதி. அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊர். ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளும் பெற்றோரும் கடற்கரைக்கு உல்லாசப் பயணமாகக் கிளம்பினார்கள். கூட்டம் அதிகம், பாரம் அதிகம். மேட்டில் ஏற முடியாமல் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் இன்னொரு ரயில் வந்துகொண்டிருந்தது. அது வருகிற வரைக்கும் காத்திருந்தால் அதைக்கொண்டு தள்ளச் சொல்லியிருக்கலாம். காத்திருக்க மனம் இல்லை. முன் பெட்டிகளை மட்டும் முதலில் மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போகலாம், பின் பெட்டிகளைப் பிறகு வந்து எடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

அந்த ரயிலில் இருந்தது முதல் வகைப் பிரேக். காற்றை அழுத்துவதற்குப் பதில், குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வேலை செய்கிற வாக்குவம் பிரேக்தான். ஆனால் தானியங்கி இல்லை. எஞ்சினோடு இணைப்பு இருக்கிற வரைக்கும்தான் அது பிடிக்கும். இணைப்பைக் கழற்றியதும் பின்னாலிருந்த 10 பெட்டிகளுக்கும் பிரேக் போய்விட்டது. கடைசிப் பெட்டியின் கைப் பிரேக் ஒன்றுதான் மிச்சம். சக்கரத்துக்குப் பின்னால் கற்களை எடுத்து வைத்தார்கள். நாம் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு வைப்பது போலத்தான்.

முன் பகுதி கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் வந்தது. அந்தச் சிறிய இடி போதுமானதாக இருந்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருண்டோடி, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. ஏறக்குறைய 80 பேர் இறந்தார்கள். குழந்தைகள் பலர். அதே ஆண்டிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. பயணி வண்டிகளில் இனித் தானியங்கிப் பிரேக் கட்டாயம் என்றது.

அமெரிக்காவில் சட்டம் வருவதற்கு உழைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு விவசாயி என்பது நமக்குப் பெருமை. ஐயோவா மாநிலத்து லோரென்சோ காஃபின் என்பவர்தான் அவர். ஒரு பிரேக் ஆள் பெட்டிகளைக் கோக்கும்போது, ஏற்கெனவே விரல் இழந்த கையில் மிச்சமிருந்த விரல்களையும் இழந்ததை அவர் நேரில் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. ஊர் ஊராகப் போய்ப் பேசினார், எழுதினார். 1883-ல் மாநில ரயில்வே ஆணையராகவும் ஆனார். பர்லிங்டன் என்ற ஊரில் 1886, 1887 ஆண்டுகளில் நீளமான சரக்கு வண்டிகளில் பிரேக் சோதனைகள் நடந்தன. முதலில் வெஸ்டிங்ஹவுஸ் பிரேக்கே தேறவில்லை. முன் பெட்டிகள் நின்றும் பின் பெட்டிகள் நிற்காமல் வந்து இடித்தன. அதைப் பார்த்து அவர் வால்வைத் திருத்தினார். 1893-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. பிரேக்கைச் செய்தவர் ஒருவர். அதைச் சட்டமாக்கப் போராடியவர் ஓர் உழவர்.

நம்ம நாட்டு ரயிலும் இரவல் காற்றும்

நம்ம நாட்டில் நெடுங்காலம் தானியங்கி வாக்குவம் பிரேக்தான். சிதம்பரம் வழியாக ஓடிய மீட்டர்கேஜ் வண்டியில் போனவர்களுக்கு நினைவிருக்கும். யாராவது சங்கிலியை இழுத்தால் 'உஸ்' என்று சத்தம் கேட்கும். வெளிக்காற்று குழாய்க்குள் நுழைகிற சத்தம் அது. நுழைந்ததும் பிரேக் பிடித்துக்கொள்ளும். 1980-களில் சரக்கு வண்டிகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அழுத்தக் காற்று பிரேக் வந்தது. 2010-ல் விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையும் அகலப்பாதையானது. இன்று அந்தத் தடத்தில் ஓடுகிற வண்டிகள் காற்று பிரேக் வண்டிகள்.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். ரயில் பெட்டிகளைப் பிரேக் சோதனை செய்யும்போது எஞ்சின் கூட இருக்க வேண்டியதில்லை. யார்டில் பெரிய கம்ப்ரசர் இருக்கும். அதிலிருந்து ஒரு சோதனைக் கருவி வழியாகப் பெட்டிகளின் குழாய்க்குக் காற்று கொடுப்பார்கள். பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. காற்றை ஏற்றி நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் கசிகிற இடம் காதுக்கே கேட்கும். இதுதான் முறைப்படியான இரவல் காற்று.

ஆனால் அத்தோடு வண்டியை அனுப்பிவிடுவதில்லை. கவனியுங்கள், இதுதான் முக்கியம். எஞ்சினை மாட்டிய பிறகு, எஞ்சினின் சொந்தக் காற்று கடைசிப் பெட்டி வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று மறுபடியும் பார்ப்பார்கள். முன்பு கார்டு என்றும், 2022 முதல் ரயில் மேலாளர் என்றும் அழைக்கப்படுகிறவர் கடைசியில் இருந்து அழுத்தமானியைப் பார்ப்பார். யார்டு காற்றில் தேறிய வண்டி, சொந்தக் காற்றிலும் தேற வேண்டும். அப்புறம்தான் கிளம்பலாம்.

லாரிக்கு வந்த கதை

ரயிலில் வந்த காற்று பிரேக், 1920-களில் வெளிநாடுகளில் லாரிக்கும் வந்தது. நம்ம தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனி லாரி செய்தது. லாரி இங்கே செய்தால் பிரேக்கும் இங்கே செய்ய வேண்டாமா? 1962-ல் டி.வி.எஸ். குழுமத்தார் சென்னையை அடுத்த பாடியில் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துக் கிளேட்டன் டெவாண்டர் கம்பெனி தொழில்நுட்பம் கொடுத்தது. அந்த லிங்கன் கம்பெனியின் பூர்வீகத்தைப் பார்த்தால், கிளேட்டன் ஷட்டில்வொர்த் என்று கதிரடிக்கும் இயந்திரமும் நீராவி எஞ்சினும் செய்தவர்களிடம் போய் நிற்கும். அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கதிரடிக்கும் பட்டறைப் பிள்ளை. இங்கிலாந்தில் கிளேட்டன் கதிரடிக்கும் பட்டறைப் பரம்பரை. காற்று பிரேக்கை களத்துமேட்டுக்குச் சொந்தக்காரன் என்றே சொல்லலாம்.

பாடியில் செய்த பிரேக் தரத்திலும் பேர் வாங்கியது. 1998-ல் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவுக்கு ஜப்பானின் டெமிங் விருது கிடைத்தது. 2008-ல் அந்தப் பிரிவு வாப்கோ டி.வி.எஸ். என்று தனிக் கம்பெனியானது. வாப்கோ என்றால் என்ன? 1869-ல் வெஸ்டிங்ஹவுஸ் தொடங்கிய காற்று பிரேக் கம்பெனியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான். 2020-ல் வாப்கோவை ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனி வாங்கிக்கொண்டது. பெயர்கள் மாறின. தத்துவம் மாறவில்லை.

லாரிக்குள் இருக்கிற இரண்டு பிரேக்

இன்றைய கனரக லாரியில் வெஸ்டிங்ஹவுஸின் இரண்டு யோசனையும் சேர்ந்தே இருக்கின்றன. காலால் மிதிக்கிற பிரேக் முதல் வகை. மிதித்தால் காற்று ஓடிப் போய்ச் சக்கரத்தருகே உள்ள டப்பாவில் அழுத்தும். மெக்கானிக்குகள் அதைச் சேம்பர் என்பார்கள். காற்று இருந்தால்தான் அந்தப் பிரேக். அதனால்தான் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் டேங்கைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

டிரைவர் பக்கத்தில் கையால் தள்ளுகிற நிறுத்து பிரேக் இரண்டாம் வகை. இதுதான் எலிக்கிட்டி. பின்சக்கரச் சேம்பருக்குள் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. காற்றுதான் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கை இறுக்கிவிடும். ராத்திரியில் காற்று கசிந்து இறங்கிய லாரி காலையில் நகராமல் நிற்பது இதனால்தான். அது பழுதானதால் நிற்கவில்லை. ஆபத்து என்று தெரிந்துதான் நிற்கிறது. ஆர்மாவில் இறந்த குழந்தைகளின் பெயரால் உலகம் கற்றுக்கொண்ட பாடம் அந்தப் பின்சக்கரத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது இரவல் காற்றை ஏற்றினால் என்ன ஆகும்? கிட்டியின் கயிற்றை நாம் இழுத்துக் கட்டிவிடுகிறோம். சக்கரம் விடுபடுகிறது. லாரியின் சொந்த கம்ப்ரசர் வேலை செய்யாவிட்டால், டேங்கில் இருக்கிற காற்றுதான் மொத்தக் கையிருப்பு. நாலைந்து முறை மிதித்தால் கால் பிரேக்குக்குப் பலம் குறைந்துகொண்டே வரும். அழுத்தம் இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் பாதிச் சாலையில் தன்னிஷ்டத்துக்கு இறுக்கும். இருபது டன் பாரத்தோடு ஏரிக்கரை வளைவில் அப்படி நடந்தால் யோசித்துப் பாருங்கள்.

கை பிரேக்குக்கு ஸ்பிரிங் சேம்பர் இல்லாத பழைய லாரியென்றால் இன்னும் மோசம். காற்று போனால் அதில் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. கால் பிரேக்கும் இல்லாமல் போய்விடும்.

சோதனை செய்வது எப்படி?

மெக்கானிக் வந்து இரவல் காற்றால் சோதிக்கும்போது கூட இருக்கிற நீங்கள் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கட்டை. காற்றைக் கொடுப்பதற்கு முன்பே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான மரக்கட்டை போடுங்கள். கல் வேண்டாம். கல் நொறுங்கும், நழுவும். ஆர்மாவில் பார்த்தோமே. காற்று ஏறியதும் லாரியைப் பிடித்திருப்பது அந்தக் கட்டை ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். லாரிக்கு அடியிலும், முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. பாரத்தின் மேல் ஆள் உட்காரக் கூடாது.

இரண்டாவது, டேங்குக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். நம்ம பக்கம் கடல்காற்று, ஏரிக்காற்று. ஈரம் அதிகம். காற்றை அழுத்தினால் அந்த ஈரம் தண்ணீராகச் சேரும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் டேங்கிலும் அப்படித்தான். அதையும் வடித்துவிட்டுக் காற்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரும் துருவும் வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது, அளவு. லாரி செய்தவர்கள் குறித்திருக்கிற அழுத்தத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பெரும்பாலும் அது 100 பவுண்டுக்கு மேல், 120 பவுண்டை ஒட்டி இருக்கும். டயருக்கு அடிக்கிற பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள்.

நான்காவது, காதும் கண்ணும். காற்று நிறைந்ததும் கம்ப்ரசரை நிறுத்திவிடுங்கள். எஞ்சினும் ஓட வேண்டாம். அழுத்தமானியைப் பாருங்கள். அமெரிக்காவில் லாரி டிரைவர் உரிமத் தேர்வில் ஒரு கணக்கு உண்டு. தனி லாரியில், பிரேக் விலகியிருக்கும்போது ஒரு நிமிடத்தில் 2 பவுண்டுக்கு மேல் இறங்கக் கூடாது. காலால் மிதித்துப் பிடித்திருக்கும்போது 3 பவுண்டுக்கு மேல் இறங்கக் கூடாது. மிதிக்காதபோது கசியாமல், மிதித்தால் மட்டும் கசிந்தால், குற்றம் கால் வால்விலோ, அதிலிருந்து போகிற பைப்பிலோ, சேம்பர் ரப்பரிலோ இருக்கும். எந்த இடம் என்று தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போலக் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்தாவது, சேம்பரை யாரும் கழற்றக் கூடாது. உள்ளே அமுங்கியிருக்கிற ஸ்பிரிங்கின் விசை 800, 900 கிலோ எடைக்குச் சமம். பட்டையைக் கழற்றினால் குண்டு மாதிரி பாயும். ஆளைக் கொன்றிருக்கிறது. சேம்பருக்குப் பின்னால் போல்ட் போட்டு ஸ்பிரிங்கை அடக்கி வைக்கிற முறை ஒன்று உண்டு. அது பழகிய மெக்கானிக் வேலை. அப்படி அடக்கிவிட்டால் அந்தச் சக்கரத்துக்கு நிறுத்து பிரேக் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது.

கடைசியாக, ரயில்காரர்களின் இரண்டாம் சோதனை. இரவல் காற்று ஓஸைக் கழற்றிவிட்டு, லாரியின் சொந்த எஞ்சினை ஓட்டி, அதன் கம்ப்ரசர் டேங்கை நிரப்புகிறதா என்று பார்க்க வேண்டும். இரவல் காற்று சொல்வது பைப்பும் வால்வும் ரப்பரும் காற்றைத் தாங்குகிறதா என்பதை மட்டும்தான். கம்ப்ரசர் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்றும் சொல்லாது. கடன் வாங்கிய பணத்தை வைத்து ஒருவருடைய வருமானத்தைக் கணக்குப் போட முடியுமா? அது மாதிரிதான். சொந்தக் காற்று ஏறாத லாரி சொந்தமாகச் சாலைக்குப் போகக் கூடாது.

நம்ம பங்கு என்ன?

"லாரி டிரைவருக்குச் சொல்ல வேண்டியதை எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்த நேரத்தில் டிரைவரை அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாம்தான். கட்டிங் ஆர்டர் வாங்கி வெட்டின கரும்பு காய்ந்தால் எடை குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போவது நல்லது என்று உங்களுக்கு எடுத்துச் சொல்வதும் என்னைப் போன்ற அலுவலர்கள்தான். ஆகவே "எப்படியாவது கிளப்புப்பா" என்று சொல்லத் தோன்றும். அந்த ஒரு வார்த்தை போதும். டிரைவர் இரவல் காற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆர்மாவில் நடந்ததும் அதுதான். கொஞ்சம் காத்திருந்தால் தள்ளிவிட இன்னொரு எஞ்சின் வந்திருக்கும். காத்திருக்கவில்லை.

ஒரு நாள் காய்ந்த கரும்பில் நஷ்டம் வரும், மறுக்கவில்லை. அந்த நஷ்டத்தை அடுத்த பருவத்தில் ஈடு கட்டலாம். பாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற வெட்டாட்களையும், ஏரிக்கரையில் சைக்கிளில் வருகிற பிள்ளையையும் எந்தப் பருவத்திலும் ஈடு கட்ட முடியாது. லாரி நின்றுபோனால் மாற்று லாரிக்கு ஆலையின் கரும்பு அலுவலரிடம் உடனே சொல்லுங்கள். பாரத்தை மாற்றுகிற கூலியை லாரிக்காரரும் நீங்களும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இந்தப் பேச்சை வெட்டு தொடங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொண்டால் காலையில் சச்சரவு இருக்காது.

ஆகவே, விவசாயப் பெருமக்களே, இனிமேல் காற்று இறங்கிய லாரி ஒன்று உங்கள் வயலோரத்தில் அடம்பிடித்து நின்றால் அதைத் திட்டாதீர்கள். முதலில் கட்டை போடுங்கள். இரவல் காற்றைக் கொடுத்துக் கசிவைத் தேடச் சொல்லுங்கள். சொந்தக் காற்று ஏறினால் அனுப்புங்கள். ஏறாவிட்டால் நிற்கட்டும்.